அதிகாரியின் மார்பளவு உயரம்

"காட்டுல மரம் குறையுதுன்னா, முதல்ல காவல்காரன் வீட்டுக் கட்டிலைப் போய்ப் பாருங்க."

அதிகாரியின் ஜன்னலுக்கு வெளியே சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்த வனக்காவலரின் காதில், உள்ளே யாரோ அதிகாரியிடம் சொன்ன இது விழுந்தது. அவர் வீட்டில் கட்டிலே கிடையாது, பாய்தான். இருந்தாலும் சாவி பூட்டுக்குள் நுழைய மறுத்தது.

விஷயம் இதுதான். மரத்தின் சுற்றளவை மார்பளவு உயரத்தில் எடுக்க வேண்டும் என்பது துறையின் விதி. யாருடைய மார்பு என்று விதி சொல்லவில்லை. கையெழுத்துப் போடுபவர் அதிகாரி. ஆகவே மார்பும் அவருடையதே என்று என்றைக்கோ முடிவாகியிருந்தது.

முந்தைய அதிகாரி குட்டை. அவர் மார்புக்கு நேரே மரங்களெல்லாம் அடிபருத்து நின்றன. காட்டின் உயிர்த்திணிவு கிடுகிடுவென ஏறியது. (முன்பு மரம் என்று சொல்லிவந்ததைத் துறை இப்போது இப்படித்தான் மரியாதையாக அழைக்கிறது.) அவரும் ஏறினார், தலைமை அலுவலகத்துக்கு. புதிதாக வந்தவர் நெட்டை. அவர் மார்புக்கு நேரே அதே மரங்கள் இளைத்துப்போயிருந்தன. காட்டில் கால்வாசியைக் காணவில்லை.

"நாளைக்கு விசாரணையாம்," என்றார் காவலர் மனைவியிடம். "திருட்டுன்னு எழுதிட்டா வேலையும் போகும், இந்தக் குவார்ட்டர்ஸும் போகும்."

"அடியில தடிமன், மேல ஒல்லி. இதைச் சொல்ல வேண்டியதுதானே? வாய் என்ன வாடகைக்குப் போயிருக்கா?"

மறுநாள் காட்டில் வைத்துச் சொல்லிவிட்டார். நெட்டை அதிகாரியின் முகம் சிவந்தது.

"அப்ப என் மார்பு தப்பா?"

"ஐயோ, இல்லீங்க ஐயா."

விசாரிக்க வந்திருந்தவர் பழைய குட்டை அதிகாரியேதான். "அப்ப என்னோடது தப்பா?"

"அதெப்படிங்க ஐயா..."

"ரெண்டும் சரின்னா மரம் எங்கய்யா போச்சு?"

இருவரும் ஒரே மரத்தை ஆளுக்கொரு முறை அளந்தார்கள். குட்டை அதிகாரி வெகுநேரம் நெட்டையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

"தரை மேடாயிடுச்சு! அதான் உங்க மார்பு மேல போயிருக்கு."

"நானும் அதைத்தான் நினைச்சேன் சார்."

அங்கேயே உத்தரவு பிறந்தது: 'களவு ஏதும் நிகழவில்லை. தரைமட்டம் உரிய அனுமதியின்றி உயர்ந்துள்ளமை தெரியவருகிறது. எனவே, அதிகாரி நின்று நாடாவைச் சுற்றிவர ஏதுவாக, ஒவ்வொரு மரத்தையும் ஒட்டி முழங்காலாழ வட்டக்குழி தோண்டப்பட வேண்டும். பொறுப்பு: வனக்காவலர்.'

"ஐயா, வேரு?"

"வேரெல்லாம் கணக்குல வராதுய்யா. மண்ணுக்கு மேல நிக்கறதுதான் கணக்கு. தோண்ட மாட்டேன்னா சொல்லு, திருட்டுன்னே எழுதிக்கறேன்."

காவலர் மரத்தை நிமிர்ந்து பார்த்தார். சீருடைச் சட்டையைக் கழற்றி அதன் தாழ்ந்த கிளையில் மாட்டினார். மண்வெட்டியை ஓங்கி, முதல் வேரில் போட்டார்.