வெறுங்கரண்டி வைத்தியம்

மலாயாவில் எமர்ஜென்சி காலம். நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பால்மரம் வெட்டும் முத்தாயியின் மகள் நீலாவதிக்கு ஒன்றரை வயதாகியும் கால் ஊன்றவில்லை. தூக்கி நிறுத்தினால் இரண்டு காலும் வளைந்து, பிள்ளை உட்கார்ந்துவிடும். இவள் கடைசிவரை நடக்கவே மாட்டாளோ என்ற பயத்தில் முத்தாயிக்குச் சோறு இறங்கவில்லை.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. போதாததற்கு ஊரடங்கு. பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தன. இதைத் தீர ஆராய்ந்த மேலிடம், பிள்ளைகளுக்கு வெயில் போதவில்லை என்று கண்டுபிடித்தது. வெயில் வாசலிலேயே சும்மா கிடந்தது. சும்மா கிடைப்பதற்கு உத்தரவு போட்டால் மேலிடத்துக்கு என்ன மரியாதை? ஆகவே நாளொன்றுக்கு ஒரு கரண்டி மீனெண்ணெய் வழங்கும்படி உத்தரவாயிற்று.

மீனெண்ணெய் உணவு. உணவு எதுவும் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட் ஆட்களுக்குப் போய்விடக் கூடாதென்று, டின் எதுவானாலும் கடையை விட்டு எடுக்கும்போதே, சேர்த்து வைக்க முடியாதபடி ஓட்டை போட்டாக வேண்டும். சட்டப்படி ஓட்டை போட்ட டின் சிரம்பானில் லாரி ஏறியது. ராசா என்ற ஊரைத் தாண்டுவதற்குள் பாதி ஒழுகியது. மம்பாவில் மீதியும் போயிற்று. அந்த வருஷம் மம்பாவ் நாய்களுக்குத்தான் முடி பளபளத்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் திருநாவுக்கரசு ஒழுங்கான மனிதர். டின் வந்து சேர்ந்ததென்று கையெழுத்துப் போட்டுவிட்டார். வந்து சேர்ந்ததைக் கொடுக்காமல் இருக்கலாமா? தினமும் காலையில் கேட்டருகே பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு வாயிலும் கரண்டியை வைத்து எடுத்துப் புத்தகத்தில் குறித்தார்.

"ஐயா, கரண்டியில ஒண்ணையும் காணோமே," என்றாள் முத்தாயி.

"வாசம் இருக்குல்ல? நக்கட்டும் லா," என்றார் டிரெசர்.

பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டாய் வேலிக்கு வெளியே இருந்தது. கேட் காவலர் முனியாண்டிக்கு நியாயமான சந்தேகம் வந்தது. வயிற்றுக்குள் போன உணவை வெளியே போய்க் கக்கினால், அது கடத்தல் ஆகாதா? எண்ணெய் செரிக்கும்வரை ஒரு மணி நேரம் பிள்ளைகள் கேட்டிலேயே இருக்கவேண்டும் என்றார். துணிக்குள் அரிசி ஒளிந்திருக்கலாம் என்பதால் துணியும் கூடாது. பிள்ளைகள் அம்மணமாகச் சுள்ளென்ற வெயிலில் செரித்துக்கொண்டிருந்தன.

சில மாதம் போயிற்று. ஒருநாள் நீலாவதி வேலிக் கம்பத்தைப் பிடித்து எழுந்து, இரண்டு எட்டு வைத்து, முனியாண்டியின் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டாள். முத்தாயி அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு.

ரிப்போர்ட் மேலே போனது. பெரிய அதிகாரி ஒருவர் வந்து கால்களைப் பார்வையிட்டார். மீனெண்ணெயின் மகிமையை வெகுவாகப் பாராட்டிவிட்டு, பெண்களுக்கு என்ன குறை என்று விசாரித்தார். எல்லாருக்கும் ஒரே குறைதான். முத்தாயி முன்னால் வந்து சொன்னாள்.

"எண்ணெய் நல்ல எண்ணெய்தாங்க துரை. இந்த வெயில்தான் பொம்பளப் பிள்ளைய கரிக்கட்டையா ஆக்குது. நாளைக்கு எவன் கட்டுவான்? ஒரு கூரை போட்டுக் கொடுங்க."

ஒழுகுகிற லயத்துக்கு வருஷக்கணக்காக வராத தகரம், ஒரே வாரத்தில் கேட்டுக்கு வந்து இறங்கியது.

இரண்டு வருஷம் கழித்து முத்தாயியின் இளையவள் மாரியம்மா அந்தக் கூரை நிழலில் உட்கார்ந்திருந்தாள். என்ன நிறம், என்ன நிறம் என்று பார்த்தவர்களெல்லாம் கன்னத்தைக் கிள்ளினார்கள். வயது ஒன்றரை. கால் ஊன்றவில்லை. இப்படி நிறையப் பிள்ளைகள் இருப்பதை அறிந்த மேலிடம், இனி நாளுக்கு இரண்டு கரண்டி என்று உத்தரவிட்டிருந்தது.

டிரெசர் வெறுங்கரண்டியை இரண்டு தரம் வைத்து எடுத்தார். முத்தாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பத்தாதுங்கய்யா. மூத்தவள நிக்க வச்ச கரண்டி இது. மூணா வைங்க."

அவரும் இரக்கப்பட்டு மூன்றாக வைத்தார். முத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளியே ஓடி விளையாடிய நீலாவதியை, கறுத்துப் போவாய் என்று அதட்டிக் கூரைக்குள் இழுத்துக்கொண்டாள்.