அப்டேட் ஆன சொந்தங்கள்

உயிரோடு இருக்கிற சொந்தக்காரர்கள் அத்தனை பேரின் முகத்தையும் ஒரே கட்டளையில் அழித்தவன் நான். பத்திரிகையில் அடுத்தவர் பிழையைத் திருத்துவது என் தொழில்.

கொழுந்தியாள் கல்யாண வரவேற்பில் இரு வீட்டுச் சொந்தங்களையும் படமும் பெயருமாகத் திரையில் காட்ட ஏற்பாடு. ஒரு முகம் விட்டுப்போனாலும் சம்பந்தி வீட்டில் பேச்சு நின்றுவிடும் என்று மாமனார் எச்சரித்திருந்தார். மைத்துனன் கதிரும் மாப்பிள்ளையின் தம்பி அருணும் நானும் ‘கிட்’ என்கிற மென்பொருளில் சேர்ந்து வேலை பார்த்தோம். ஒருவர் செய்த மாற்றம், மற்றவர் அப்டேட் செய்ததும் அவர் லேப்டாப்புக்கும் வந்துவிடும்.

படங்கள் கனக்கின்றன, பொதுவில் வேண்டாம், அவரவரிடம் இருக்கட்டும் என்றான் கதிர். அந்த ஃபோல்டரை, கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் ‘இக்னோர்’ பட்டியலில் சேர்த்தேன். பயனில்லை. முன்பே ஏற்றியதை கிட் தானாக மறப்பதில்லை. ஒரு வலைப்பக்கத்தைப் பாதி படித்துவிட்டு (மீதிப் பாதி எதுக்குன்னு நினைச்சேன்), அதன் நினைவிலிருந்து மட்டும் நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன். என்னிடம் படங்கள் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் பெங்களூரிலிருந்து அருண் போன் செய்தான். அப்டேட் செய்ததும் படங்களைக் காணோமாம்.

“எனக்கு இருக்கே” என்றேன். (அவன் லேப்டாப்தான் சரியில்லைன்னு வேற சொன்னேன்.)

வரவேற்பு மாலை, திருமயம் மண்டபம். என் லேப்டாப் புதுக்கோட்டை வீட்டில். அதுவரை அப்டேட் ஆகாத கதிரின் லேப்டாப்பில் எல்லா முகமும் சரியாக இருந்தது. சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் அமர்ந்தார்கள்.

“ஒரு தடவ அப்டேட் பண்ணிக்கிறேன் மச்சான்” என்றான் கதிர்.

“பண்ணு மாப்ள.”

முகங்கள் போயின. என்னிடம் மறதியாக இருந்தது, அடுத்தவரிடம் போனதும் அழிப்பாகியிருந்தது. சாம்பல் நிறக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன, கீழே பெயர் மட்டும். பெயருக்குரியவர்கள் எதிரே அமர்ந்து, தங்கள் காலிக் கட்டத்தைப் பார்த்தார்கள். சம்பந்தியம்மா கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முகத்தோடு வந்தவர் ஒருவர்தான்: மாமனாரின் காலமான தகப்பனார். மாலை போட்ட அவர் படம் வேறு ஃபோல்டரில் இருந்தது.

சின்ன மாமனார் என் பக்கம் திரும்பினார். “மாப்ள, அப்பா இருக்காக. நாங்க எங்க?”

சம்பந்தி எழுந்தார். கிளம்பப்போகிறார் என்று மாமனார் கைகூப்பிக்கொண்டு ஓடினார். அவரோ தன் கட்டம் வரும்வரை நின்றிருந்து, “இந்தா, இருக்கேன்” என்றார். அடுத்த பெயருக்குரியவரும் எழுந்தார். மண்டபம் முழுக்க ஒவ்வொருவராக எழுந்து, இருக்கேன் என்றார்கள். என் பெயர் வந்தபோது நான் குனிந்து நாற்காலிக்கடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

படங்கள் கிட்டின் பழைய பதிவிலேயே பத்திரமாக இருந்ததை மறுநாள்தான் படித்தேன், அந்த மீதிப் பாதியில்.

இன்றும் நான் மாமனார் வீட்டுக்குள் நுழைந்ததும் ஆளாளுக்கு “இருக்கேன்” என்கிறார்கள். சின்ன மாமனார் மட்டும் சுவரிலிருக்கும் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “அப்பாவும் இருக்காக” என்பார்.