பேருக்கு டைரக்டர்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம்; மனசுக்கு ஒருவரும் சுகமில்லை. நீங்கள் போனை எடுக்காததால் கிளைக் கடை முகவரிக்கு எழுதுகிறேன்.

நம் மெத்தைக் கம்பெனி திவால் என்று உத்தரவாகி, பொறுப்பேற்க ஓர் அதிகாரி வந்திருக்கிறார். குரலையே உயர்த்தாத மனிதர். அதனால்தான் எனக்கு இன்னும் பயம். "நீங்க டைரக்டரா?" என்றார். "பேருக்குத்தான் சார். சும்மா ஒரு கையெழுத்துன்னு மச்சான் சொன்னாரு" என்றேன். "சட்டத்துல பேருக்கு டைரக்டர்னு யாரும் கிடையாதுங்க" என்றார். அன்றிலிருந்து பனியன், துண்டு, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் ஜெயிலுக்குத் தயாராக ஒரு பைக்குள் அடங்கி, வாசல் கதவுக்குப் பின்னால் தொங்குகின்றன.

இனி ஒரு சாமானும் வெளியே போகக் கூடாது, புது ஆர்டர் வாங்கக் கூடாது, கடன் கொடுத்தவர்களில் ஒருவரை மட்டும் தனியாகக் கவனிக்கக் கூடாது என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு வியர்த்து ஊற்றியது. ஏனென்றால் காலையில்தான் நாம் பாக்கி வைத்த பஞ்சுக்காரர் கம்பெனி கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாரே என்று மனசு கேட்காமல் அவருக்கு ஒரு டபுள் மெத்தையைத் தூக்கிக் கொடுத்திருந்தேன். திருப்பிக் கேட்கப் போனால், மனுஷன் அதில் படுத்துக் குறட்டை விடுகிறார். எழுப்பினால், "ரொம்ப நாள் கழிச்சு இன்னைக்குத்தாங்க தூங்குனேன்" என்கிறார். நானும் ஓரமாக உட்கார்ந்து கொஞ்சம் அழுதுவிட்டு, அவரையே ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லித் தூக்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்தால், உங்கள் தங்கச்சி, "அண்ணன் பொருள் ஒண்ணாவது மிஞ்சட்டும்" என்று கம்பெனியின் புதுத் தையல் மெஷினை வண்டியில் ஏற்றி வந்து, சமையலறையில் போர்வை போட்டு மூடியிருக்கிறாள். வாசல் மணி அடித்தால் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். நேற்று அந்த அதிகாரியே வந்து தண்ணீர் கேட்டார். "முட்டி வலி, எழுந்திரிக்க முடியல" என்றாள். பாவம், அவரே எடுத்துக் குடித்தார். எனக்குத்தான் தொண்டை வறண்டது.

உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறதாம், அதிகாரி சொன்னார். கடன் கொடுத்தவர்களைக் கூட்டித் தவணைக்குச் சம்மதிக்க வைக்கலாம். இல்லை, ஓடுகிற கம்பெனியாகவே விற்றால் தொழிலாளிகள் பிழைப்பாவது தப்பும். இரண்டும் நடக்காவிட்டால் எல்லாம் ஏலம். எதற்கும் நீங்கள் நேரில் வந்து உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். "ஒளிச்சு வெச்சாத்தான் வம்பு" என்றார். நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்னமும் தெரியவில்லை.

உடனே புறப்பட்டு வாருங்கள். மெஷின் விஷயம் நம் மூவரோடு இருக்கட்டும். படித்ததும் கிழித்துவிடுங்கள். அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகள் நூறாண்டு வாழட்டும், எதிலும் கையெழுத்துப் போடாமல்.

மணியோசைக்கு நடுங்கும்,
உங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: தபால்காரர் முகவரியைப் பார்த்துவிட்டு, "இந்தக் கடைக்கு வர்ற தபாலெல்லாம் இப்ப அந்த அதிகாரிக்குத்தாங்க போகுது" என்கிறார். கிழிக்கப் போனேன். உங்கள் தங்கச்சி பிடுங்கிக்கொண்டாள். "போகட்டும் விடுங்க. உக்காந்து உக்காந்து இடுப்பே போச்சு" என்கிறாள். ஆகவே, மதிப்பிற்குரிய அதிகாரி ஐயா, தாங்கள் நலமா? மெஷின் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. மச்சானைக் கண்டுபிடித்தால், தங்கச்சி திட்ட மாட்டாள், வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.