சிந்தாமணி தைத்த விரிப்பு

திருமானூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அரியலூரில் இருக்கும் மைத்துனர் அறிவுச்செல்வன் அவர்களுக்குக் குழந்தைவேல் எழுதிக்கொண்டது. நானும் நிறைமாதமாக இருக்கும் மகள் தென்றலும் நலம். உங்கள் நலத்தைக் கல்லங்குறிச்சிப் பெருமாள் பார்த்துக்கொள்வார்.

விஷயம் உங்கள் அக்கா விரிப்பைப் பற்றியது. போனில் பேசினால் தென்றல் காதில் விழும், அதனால்தான் தபால். சிந்தாமணி தன் பழைய சேலைகளை அடுக்கிக் கையாலேயே தைத்தது அது. அவள் காலமான பிறகு நான் தொடவே பயந்து வைத்திருந்ததைத் தென்றல் பாசத்தோடு வாஷிங் மெஷினில் போட்டாள். உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தது நாலு. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பீரோவில் வைத்தேன், பூச்சி அரிக்குமே என்று பாச்சை உருண்டை போட்டேன், அந்த நெடியில் அவள் வாசனை போய்விடுமே என்று உருண்டையை எடுத்தேன், மாடியில் காற்றாடப் போட்டுவிட்டு, சாயம் வெளுக்குமே என்று பக்கத்திலேயே குடை பிடித்து நின்றேன், தெருவில் போனவர்கள் வடகமா என்று கேட்டார்கள். டெய்லர் வேல்முருகன், ஊசி பட்டாலே பொடிந்துவிடும், தலையணைக்குள் திணித்துக்கொள்ளுங்கள் என்கிறார். உங்கள் அக்காவைத் திணிப்பதா?

தென்றல் அதற்கும் மேலே. "பச்சப்புள்ளைக்கு மொதல்ல பழந்துணிதாம்ப்பா போடணும். அம்மா சேலை இருக்கு, வேற எதுக்கு?" என்கிறாள். பச்சைப்பிள்ளை துணியில் என்ன செய்யும் என்று ஊருக்கே தெரியும். அதற்காகத்தான் என் பழைய வேட்டிகளைக் கிழித்து மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறேன். பக்கத்து மஞ்சள் பையில் நாலு துண்டும் இருக்கின்றன. அக்கா காலமானபோதே நீங்கள் சொன்னபடி கண்ணாடிச் சட்டம் போட்டுவிடலாம், கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள். யார் கேட்டாலும் ஒரு நூல்கூடத் தரமாட்டேன்.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
குழந்தைவேல்

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் தென்றலுக்கு வலி வந்துவிட்டது. பேத்தி பிறந்ததைப் போனில் சொன்னேன், மீதியைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடிய அவசரத்தில் பை மாறிவிட்டது. நர்சம்மா பிள்ளையை ஏந்திக்கொண்டு, "பழந்துணி குடுங்கய்யா" என்று நிற்கிறார். வீட்டுக்குப் போய் வேட்டி எடுத்துவருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை மச்சான். நாலில் பெரிய துண்டை நானே விரித்துக் கொடுத்தேன். படுத்ததும் நனைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சிரிப்பும் வந்தது. இப்போது நாலுமே அவளுக்குத்தான். சட்டம் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். தினமும் அலசி மாடிக் கொடியில் போடுகிறேன், வெயில் கடுமை. வரும்போது ஒரு குடை கொண்டுவாருங்கள். நாலு துண்டுக்கும் என் ஒரு குடை போதவில்லை.