முடிக்காரர் வரிசையாக வைத்த பாத்திரங்கள்

புதுச்சேரிப் பக்கம் எங்கள் பாகூர் கொம்யூனில் எந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்பது டாக்டருக்குத் தெரிவதற்கு முன்னால் எங்கள் முடிக்காரருக்குத் தெரிந்துவிடும். நாடி பார்க்க மாட்டார், நாக்கை நீட்டச் சொல்ல மாட்டார். சீப்பில் வந்த முடியைக் கைத்தராசில் போட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான்.

உதிர்ந்த முடியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பது அவர் தொழில். மாதம் ஒருமுறை காலையில் மொபெட்டில் வருவார். ஒலிபெருக்கியில் பதிவு செய்த அவர் குரலே, "சிக்கு முடி, சீப்பு முடி" என்று கூவும். போதாது என்று இவரும் கூவுவார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒலிபெருக்கியைத்தான் திட்டுவார். அவர் தலையோ தேய்த்துக் கவிழ்த்த தவலை.

"உன் தலைக்கு ஒரு கரண்டிகூட தேறாதே" என்று எதிர்வீட்டு அஞ்சலை சீண்டுவாள்.

"முதல் போடாம யாவாரம் தொடங்க முடியுமா?" என்பார்.

ஒதியம்பட்டில் ஒரு பெண்ணின் முடியை நிறுத்துவிட்டு, "மாமியாரு வந்து எத்தினி நாளாச்சும்மா?" என்று கேட்டாராம். அந்த மாமியார் உள்ளேயிருந்து வந்த வேகத்தில் மொபெட் தானாகக் கிளம்பியது என்கிறார்கள்.

எனக்கு அவரிடம் பேச்சே கிடையாது. விற்கிற தலையா என் தலை? பஸ்ஸில் என் கொண்டைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு வண்டி எங்கே போகிறது என்றே தெரியாது. எழுபது வயதில் அதற்கும் வந்தது வினை. உடம்பு கனத்தது, வெயிலிலும் குளிர் அடித்தது, சீப்பை வைத்தால் கொத்தாக வந்தது. தேங்காயாக இருந்த கொண்டை எலுமிச்சம்பழம் ஆனது. கோயிலுக்குப் போவதை விட்டேன். பிறகு கேட்டைத் தாண்டுவதையே விட்டேன். ஒரு மாதத்து முடி ஒரு பை நிறைந்ததும், மருமகள் தேவகியிடம் கொடுத்து அனுப்பினேன்.

முடிக்காரர் பையைத் தொட்டதுமே, நான் மறைந்து நின்ற ஜன்னலைப் பார்த்து, "யக்கா, இது வயசுக்குக் கொட்டற முடி இல்ல. ரத்தம் டெஸ்டு பண்ணு" என்றார். ஒரு குண்டானைக் கொடுத்துவிட்டுப் போனார்.

டெஸ்டில் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று வந்தது. தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ, முடி திரும்ப மாதக்கணக்காகும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர்.

அடுத்த மாத முடிக்கு ஒரு சொம்பு வந்தது. அதற்கடுத்த மாதம் கிண்ணம். நான் பாத்திரத்தையா பார்த்தேன், கண்ணாடியைப் பார்த்தேன். வகிடு ஏரிக்கரை மாதிரி அகன்று கிடந்தது.

"மாத்திர சூடு, அதான் கொட்டுது" என்றாள் அஞ்சலை. நம்பிவிட்டேன். மறுநாளிலிருந்து மாத்திரையை முருங்கை மரம்தான் வெறும் வயிற்றில் சாப்பிட்டது.

அடுத்த மாதமும் கிண்ணம்தான். அதற்கடுத்த மாதம் முடியை நிறுத்தவர், தராசை இறக்கவே இல்லை.

"யக்கா, மாத்திர போடறியா இல்லியா?"

"நீ முடி வாங்க வந்தியா, டாக்டருக்குப் படிக்க வந்தியா? அத போட்டுத்தான் கொட்டுது."

அவர் மருமகள் பக்கம் திரும்பினார். "யம்மா தேவகி, நான் குடுத்த பாத்திரத்த எல்லாம் எட்த்தா" என்றார். வாசலில் வரிசையாக வைத்தார்.

"இந்த குண்டான் மாத்திரைக்கு முன்னாடி. சொம்பு, போட ஆரம்பிச்ச மாசம். அப்பறம் ரெண்டு மாசமும் கிண்ணம். எறங்கிக்கினே வர்து பாரு. இன்னிக்கி முடிக்கு மறுபடி சொம்பு தரணும். ஏன் ஏறிச்சு?"

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்த வரிசையைப் படிக்க எழுத்து எதற்கு? நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன். தேவகி என்னைப் பார்த்தாள்.

"அத்த!"

"இந்த முடி எனக்கு வாணாம். நீ மாத்திர போடறத பாத்துட்டுத்தான் போவேன்" என்று படியில் உட்கார்ந்துவிட்டார். விழுங்கினேன். தேவகி அவருக்கு டீ கொடுத்தாள். எனக்கு இன்னும் ஒரு மணி நேரம். அந்த மனிதர் என் எதிரிலேயே ஊதி ஊதிக் குடித்தார்.

இப்போது வகிட்டோரம் குட்டை முடி நாற்று மாதிரி நிற்கிறது. எலுமிச்சம்பழம் நார்த்தங்காய் ஆகியிருக்கிறது. அதோடு தலைநிமிர்ந்து கோயிலுக்குப் போய் வருகிறேன். போன மாதம் என் முடியைப் போட்டால் தராசு அசையவே இல்லை.

"உன்னால எனக்கு நஷ்டம்க்கா" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்து, ஒரே ஒரு ஊக்கைக் கொடுத்தார். அதைத்தான் முந்தானையில் குத்திக்கொண்டிருக்கிறேன்.

அவர் வரும் நாளில் மட்டும் மாத்திரையை ஒரு மணி நேரம் முன்னதாகவே போட்டுவிடுகிறேன். பாவம், எத்தனை நாள்தான் தனியாக டீ குடிப்பார்?