புகைபோக்கி கொடுத்த வேட்டி

வழுக்கைத் தலையை வைத்து வேலை பார்த்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் புகைபோக்கிதான். மற்றவர்களுக்கெல்லாம் தலைக்குள் இருப்பதுதான் உதவும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், போடிக்கு மேலே மலையில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் நான் காய் எடை போடும் நிறுவைக்காரன். ஸ்டோர் என்றால் கடையல்ல, பச்சைக் காயை உலர்த்தும் கட்டடம். வெளியே அடுப்பு எரியும். அதன் புகை, அறைக்குள் வளைந்து ஓடும் இரும்புக் குழாய் வழியாகப் போய்க் கூரைக்கு மேல் வெளியேறும். குழாயின் சூடு அறைக்காற்றில் ஏறும், அந்தக் காற்றில் காய் காயும். அடுப்புக்கு அதிபதி புகைபோக்கி. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

"தம்பி, கொழாய்க்குள்ள ஒரு காத்து, வெளிய ஒரு காத்து. ரெண்டும் சூட்டக் கைமாத்திக்கிரணும். ஆனா ஒண்ணு மூஞ்சியில ஒண்ணு முழிக்கக் கூடாது" என்பார். வெளியேறும் புகை அறைக்காற்றின் சூட்டுக்கே இறங்கியிருக்க வேண்டும், மிஞ்சினால் விறகு வீண் என்பது அவர் கட்சி. இதைச் சோதிக்க ஏணியேறிக் கூரைப் புகையில் தலையைக் காட்டுவார். உடனே இறங்கி ஓடிவந்து அறைக்குள் தலையை நீட்டுவார். நாளுக்கு இருபது தடவை! முதலாளி பரிதாபப்பட்டு ஒரு வெப்பமானி வாங்கிக் கொடுத்தார்.

"மொதலாளி ஆசையாக் குடுத்தாக" என்று அதை முதுகு சொறிய வைத்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவரின் அறைக்குள்தான் நான் திருட்டுத்தனமாக ஓர் ஈர வேட்டியைக் காயப் போட்டேன். மறுநாள் சின்னமனூரில் பெண் பார்க்கப் போக வேண்டும். நாலு நாளாக அடைமழை. இருந்தது ஒரே நல்ல வேட்டி. ஏற்கெனவே இரண்டு இடத்தில் என்னை வேண்டாமென்று சொல்லியிருந்தார்கள்.

அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தலையை நீட்டியவர் அலறினார்.

"ஏலே, எவன்டா கதவத் தொறந்தது? உள்காத்து குளுந்து கெடக்கு!"

உள்ளே புகுந்து வேட்டியோடு வந்தவர் அதை என் மூக்கில் திணித்தார். "காத்து குளுந்தது இந்த ஈரத்தால. ஆனா இதுல ஏது பொகக்கறை? என் மூக்கு புகையில செத்து வருசமாச்சு. நீ மோந்து சொல்லு."

ஒரு முனை ஏலக்காயாய் மணந்தது. மறுமுனை பழுப்பேறிப் புகை நாறியது.

"இந்த முனை எங்கன தொங்குச்சு?"

"அங்கன, மூலையில, குழாய் வளையுற இடத்துல."

"போச்சுடா! மூட்டு விட்டுருச்சு. ரெண்டு காத்தும் கூடிருச்சு!"

அடுப்பை அவித்து, மண் குழைத்துக் குழாயின் மூட்டில் பூசினோம். காயெல்லாம் தப்பித்தது. என் வேட்டிதான் தப்பவில்லை. மூன்றாவது இடமும் போச்சு என்று நான் உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் கொட்டும் பனியில் இடுப்பில் வெறும் துண்டோடு வந்தார் புகைபோக்கி. கையில் அவருடைய வேட்டி, மடிப்புக் கலையாமல்.

"கட்டிக்கிட்டுப் போ."

"உங்களுக்குக் குளிருமேண்ணே?"

"எனக்கு அடுப்பு இருக்கு. நீ போற எடத்துல காத்து சூடா இருந்தாப் பதறாத. செத்த நேரம் உக்காரு, சமமாயிரும்."

அவர் குள்ளம். வேட்டி என் முழங்காலுக்கு நாலு விரல் கீழே நின்றுவிட்டது. பெண்வீட்டார் உர்ரென்று பார்த்தார்கள். நான் பதறாமல் உட்கார்ந்தேன். காபி கொண்டுவந்த பெண் என் கெண்டைக்காலைப் பார்த்துவிட்டுக் களுக்கென்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் வீடே சிரித்தது.

கல்யாணத்துக்குப் புகைபோக்கி வந்தார். எல்லோரும் அட்சதை போட, அவர் மட்டும் குனிந்து எங்கள் இருவருக்கும் நடுவே தலையை நீட்டினார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார்.

"ரெண்டும் ஒரே சூடு" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

அன்று எனக்குக் கிடைத்த ஆசீர்வாதங்களில் இன்றுவரை பலித்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.