முகம் பொருந்தவில்லை

வளர்ச்சி வாய்ப்புகள் துறையின் தலைமை அலுவலகத்தில், காலத்தின் தேவையைக் கருத்தில் கொண்டும் பொதுமக்களின் நலனை முன்னிட்டும், வாசல் கதவு அகற்றப்பட்டது. அதற்குப் பதிலாக, வருகிறவரின் முகத்தைப் பார்த்துத் திறக்கும் கதவு பொருத்தப்பட்டது. பழைய கதவில் குறை எதுவும் இல்லை, தள்ளினால் திறந்தது. அதுதான் குறை என்று பின்னர் விளக்கம் அளிக்கப்பட்டது.

எதிர்ச்சாரியில் ஒரு சலூன். நாடு கிடுகிடுவென்று முன்னேறியதில் முதல் அடி அந்தச் சலூன்காரருக்குத்தான் விழுந்தது. கையில் காசு புழங்கத் தொடங்கிய இளைஞர்கள் அத்தனை பேரும் தாடி வளர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கத்தி துருப்பிடித்துவிடக் கூடாதே என்று அவர் தம் முகத்தையே காலையும் மாலையும் மழித்துக்கொண்டிருந்தார்.

"பேசாம கடையை மூடுங்க. என் தம்பியோட லாரி ஷெட்டுல ஆள் வேணுமாம்" என்றாள் மனைவி.

"உன் தம்பிகிட்ட நான் கைகட்டி நிக்கணுமா?"

"வேண்டாம், இங்கயே உட்கார்ந்து ஈ ஓட்டுங்க. அதுவும் இப்பல்லாம் வர்றதில்ல."

இந்த நிலையில்தான் புதுக் கதவு வேலையைத் தொடங்கியது. முதல் நாள் காலை இயக்குநர் வந்து அதன் முன்னால் மிடுக்காக நின்றார்.

"முகம் பொருந்தவில்லை. நன்றி" என்றது கதவு.

கதவில் பதிவு செய்யப் படம் எடுத்த அன்று இயக்குநருக்கு மீசை இருந்தது. வயதைக் காட்டுகிறது என்று வீட்டம்மா சொன்னதால் அதற்கப்புறம் மழித்துவிட்டிருந்தார்.

"என்னய்யா இது, என்னைத் தெரியலையா?" என்று காவலாளியிடம் பாய்ந்தார்.

"எனக்கு நல்லாத் தெரியுதுங்க. கதவுக்குத்தான் தெரியல."

"இந்தக் கதவைப் போடச் சொன்னதே நான்தான்யா!"

"கதவு சொல்றதே இறுதி முடிவுன்னு உத்தரவு போட்டதும் நீங்கதாங்க."

"சரி, புதுசா படம் எடுத்துக்கறேன். எங்க போகணும்?"

"மூணாவது மாடிக்கு."

"போறேன், வழியை விடு."

"போங்க. கதவு திறக்கட்டும்."

இயக்குநர் தெருவைப் பார்த்தார். சலூன் கண்ணில் பட்டது. உள்ளே போய், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, "ஒரு மீசை வேணும்" என்றார்.

சலூன்காரர் தொழில் தெரிந்தவர். என்றோ பெருக்கி மூலையில் ஒதுக்கிய முடியில் நல்லதாகப் பொறுக்கி, பசை தடவி, இயக்குநரின் மூக்குக்குக் கீழே ஒட்டினார். கதவு திறந்தது. மூக்கருகே யாருடைய தலைமுடியோ குறுகுறுக்க, கம்பீரமாக உள்ளே போனார் இயக்குநர். மூணாவது மாடியில் படம் எடுக்கும் இயந்திரம் பழுதாகியிருந்தது. அதைச் சரிசெய்ய வந்த ஆளைக் கதவு உள்ளே விடவில்லை.

அன்றிலிருந்து சலூனில் கூட்டம். கண்காணிப்பாளர் அம்மாவுக்குப் படம் எடுத்த அன்று கடும் ஜலதோஷம். மூக்கு சிவந்து கண் வீங்கியிருந்தது. தினமும் காலையில் சலூன்காரரின் மனைவி அவர் முகத்துக்கு நேரே வெங்காயம் நறுக்கினாள். ஓர் எழுத்தர் கொட்டாவி விடும்போது படம் பதிவாகியிருந்தது. அவருக்கு மட்டும் யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

பிறகு பொதுமக்களுக்கும் இவ்வசதி விரிவுபடுத்தப்பட்டது. அவர்களை அடையாள அட்டையில் இருக்கும் படத்தை வைத்துக் கதவு சரிபார்த்தது. அட்டையில் எல்லாரும் இளமையாக இருந்தார்கள். ஓய்வூதியம் நின்றுபோன ஒரு பெரியவருக்குச் சலூன்காரர் தலைக்கு மை பூசி, ஒட்டிப்போன கன்னங்களுக்குள் பஞ்சு அடைத்து அனுப்பினார். கதவு மரியாதையாக வழிவிட்டது. உள்ளே அதிகாரி குறை என்னவென்று கேட்க, பெரியவர் வாய் நிறையப் பஞ்சோடு "ம்ம்... ம்ம்..." என்றார். "மனுதாரர் முழுத் திருப்தி தெரிவித்தார்" என்று எழுதி விவகாரம் முடித்துவைக்கப்பட்டது.

தெருவே மாறிப்போயிற்று. சவுரிமுடிக் கடை வந்தது, சாயக்கடை வந்தது, வரிசையில் இடம் பிடித்துத் தருபவர்கள் வந்தார்கள். மைத்துனனே ஒருநாள் லாரி ஷெட்டை விட்டுவிட்டு வந்து, "மாமா, பசை தடவற வேலையாவது குடுங்க" என்று கைகட்டி நின்றான். சலூன்காரர் அவனைக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்க விட்டார். இந்தச் சுகம் வாழ்க்கையில் திரும்பக் கிடைக்காது அல்லவா!

இயக்குநர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்: நவீனத் தொழில்நுட்பத்தால் வேலை பறிபோகும் என்று அஞ்சுவோர், நம் வாசலுக்கு எதிரே வந்து பார்க்கட்டும். சலூன்காரருக்கு "முகப்பொருத்த ஆலோசகர்" என்ற பட்டமும் சால்வையும் வழங்கப்பட்டன. முகப்பொருத்தம் கற்பிக்கக் கல்லூரி திறந்தார்கள். அதில் தேறிய தாடிக்கார இளைஞர்கள், தாடியைச் சலூன்காரரிடமே மழித்துக்கொண்டு, அவரிடமே வேலை கேட்டார்கள். வெளிநாட்டுக் குழு ஒன்று வந்து கதவைப் பார்த்து வியந்தது. வெளியில் நின்றபடிதான்.

ஒருநாள் நல்ல மழை. இடி இடித்து மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. கதவின் முன் நீண்ட வரிசை. சாயம் கரையாமலிருக்க எல்லாரும் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது எங்கிருந்தோ ஒரு தெருநாய் நனைந்துகொண்டு வந்தது. கதவின் முன்னால் நின்று உடம்பைச் சிலிர்த்தது.

"வணக்கம், இணை இயக்குநர் அவர்களே" என்றது கதவு. திறந்தது. நாய் உள்ளே போயிற்று. காவலாளி பழக்கதோஷத்தில் சலாம் வைத்துவிட்டான்.

சலூன்காரர் இதைக் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கதவு கெட்டுவிட்டது, இனி எவன் வேண்டுமானாலும் எந்த முகத்தோடு வேண்டுமானாலும் போகலாம். சால்வையும் போச்சு, பட்டமும் போச்சு. மனைவி வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். 'நான் வாயைத் திறக்காவிட்டால் என்ன, இத்தனை ஜனம் கண்ணால் பார்த்தாயிற்றே' என்று அவர் மனசு அடித்துக்கொண்டது.

வரிசையில் சலசலப்பு எழுந்தது.

"நாங்கல்லாம் விடியக்காலையிலிருந்து நிக்கறோம், அது பாட்டுக்கு நடுவுல பூந்து போகுதே!" என்றார் ஒருவர்.

"சும்மா இருங்க, பெரிய அதிகாரியாம். காதுல விழுந்துச்சில்ல?" என்றார் இன்னொருவர்.

வரிசையிலிருந்து ஒருவர் விலகினார். அவர் கதவை நோக்கிப் போகவில்லை. தெருவைத் தாண்டிச் சலூனுக்கு ஓடிவந்தார். அவர் பின்னாலேயே பாதி வரிசை ஓடிவந்தது.

"அண்ணே" என்றார் அவர் மூச்சிரைக்க, "ஒரே தடவையில உள்ள விட்டுடுச்சே! அந்த நாய்க்கு என்ன கட்டிங்ணே பண்ணீங்க? எனக்கும் அதையே பண்ணிவிடுங்க."

சலூன்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"அது ஸ்பெஷல். வாலுக்குத் தனி ரேட்டு. உட்காருங்க" என்றார் அவர்.